குழந்தையைக் குளிப்பாட்ட அப்பா வருகிறார்

தம்பி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதியிலேயே போன் போட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? பிப்ரவரி மாதம் மெல்போர்ன் விமானத்தில் ஏறப்போவது நான் இல்லை, உன் அப்பா. ஷீபாவின் அம்மா பிரசவம் பார்த்துவிட்டு ஜனவரி கடைசியில் ஊர் திரும்பியதும், அந்த இடத்துக்கு மாமியார் போய்ச் சேருவதுதான் வழக்கம். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்த வீட்டிலும் இதில் மாற்றம் கிடையாது. பெண்ணைப் பெற்றவள் முதல் ஷிஃப்ட், பிள்ளையைப் பெற்றவள் இரண்டாவது ஷிஃப்ட். நம் வீட்டில் இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆண் வருகிறார். ஷீபாவிடம் போன வாரமே கேட்டுவிட்டேன். பிள்ளை பெறப்போகிறவள் அவள், அதனால் அவளிடம் முதலில், உன்னிடம் இரண்டாவதாக. கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ குறுக்கே பேசுவாய். அதோடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டு எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நான் போகவில்லை, அவர்தான் போகிறார் என்றால், எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று முடிவுகட்டி, ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன் என்று கையைப் பிடிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தைச் சபை மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயரைப் போடமாட்டேன், பயப்படாதே. போடாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

இப்போது சந்தோஷத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் எங்கள் லேபில் பாக்டீரியா வளர்க்கிற ஒரு தட்டு நிறம் மாறாமல் மஞ்சளாகவே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நானும் நஸ்ரீனும் டிபார்ட்மென்ட் வராந்தாவில் கையைக் கோத்துக்கொண்டு சுற்றினோம். நஸ்ரீன் என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற பெண். உன் கல்யாணத்தில் பார்த்திருக்கிறாய், வாழ்த்துச் சொல்ல மேடை ஏறியவள் உன்னிடம் பாக்டீரியாவைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்று வரிசையை நிறுத்திவைத்தாளே, அவள்தான். மழைக்கு ஒதுங்கி நின்ற பி.காம். பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ரிட்டயர் ஆகப்போகிற ஒரு மேடம் மஞ்சள் தட்டுக்காக ஆடுவதை அவர்கள் வேறு எங்கே பார்க்கப்போகிறார்கள்?

அந்தத் தட்டு என்ன என்று சொல்ல வேண்டுமானால் உன் தொடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உனக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்ததும் நீ பிழைத்ததும் உனக்கே கதையாகத்தான் ஞாபகம். மொட்டைத் தலையோடு முறுக்குத் தின்கிற போட்டோவைப் பார்த்து நீயே சிரிப்பாய். அந்தக் கதையில் உனக்கு நான் சரியாக அறிமுகப்படுத்தாத ஓர் ஆள் உண்டு. உன் தொடையில் போட்ட ஊசிகளில் ஒன்று நொதி, என்சைம் என்பார்களே அது. ஒரு பாக்டீரியா தன் பிழைப்புக்காகச் செய்துவைத்திருந்ததை எடுத்துச் சுத்தம் செய்து மருந்தாக்கியிருந்தார்கள். அஸ்பராஜினேஸ் என்று பெயர். அது செய்கிற வேலை எளிமையானது. அஸ்பராஜின் என்று ஒரு சத்து நம் ரத்தத்தில் ஓடுகிறது. நல்ல செல்கள் அதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். உனக்கு வந்த வகைப் புற்றுநோய் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது, ரத்தத்திலிருந்து எடுத்துத்தான் வாழ வேண்டும். நொதி உள்ளே போய் ரத்தத்தில் இருக்கிற அஸ்பராஜினை உடைத்துத் தீர்த்துவிட்டால், ஹாஸ்டல் மெஸ் மூடிய நாளில் நீ கிடந்தது போல அவை கிடக்கும். நீ பிஸ்கட் வாங்கித் தின்று பிழைத்தாய், அவை சாகும்.

உனக்கு அந்த ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சில ஊசிகளுக்குப் பிறகு உன் உடம்பு அதை வெளியாள் என்று கண்டுபிடித்துவிட்டது. இடது தொடை வீங்கிக் கொப்பளித்தது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது. உடனே அந்த மருந்தை நிறுத்தினார்கள். வேறொரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி ஒன்று இருக்கிறது, இதே வேலையைச் செய்யும், ஆனால் இங்கே இப்போது கிடைக்காது என்றார் டாக்டர். மற்ற மருந்துகளை வைத்தே உன்னைக் கரையேற்றினார்கள். கர்த்தருக்கும் நன்றி, அந்த டாக்டர்களுக்கும் நன்றி. ஆனால் என்னால் அந்தக் "கிடைக்காது" என்ற சொல்லை விழுங்க முடியவில்லை. நான் நுண்ணுயிரியல் படித்தவள், பாக்டீரியா வளர்ப்பதுதான் என் தொழில். ஒரு பாக்டீரியா தயாரிக்கிற பொருள் என் பிள்ளைக்கு இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். பயம் இருந்தது, அழுகை இருந்தது, அதெல்லாம் நீ தேறியதும் போய்விட்டது. எரிச்சல் மட்டும் போகவே இல்லை.

அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு நான் வருஷக்கணக்காகப் பாடம்தான் நடத்தினேன். ஆராய்ச்சிக்கு லேபும் ஆளும் வேண்டுமே. காலேஜ் முதுகலைப் பிரிவுக்கு ஆய்வு அனுமதி வந்தது, நஸ்ரீன் வந்து சேர்ந்தாள். என்ன தலைப்பு வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், கடல் என்று. ஏன் கடல் என்றால், தரையில் கிடைக்கிற மண்ணை உலகம் முழுக்கச் சலித்துப் பார்த்துவிட்டார்கள். கடலடிச் சேற்றில் வாழ்கிறவை உப்பிலும் இருட்டிலும் அழுத்தத்திலும் காலம் தள்ளுகிறவை. அவற்றின் நொதிகள் அதே வேலையைச் செய்தாலும் உருவத்தில் வேறாக இருக்கலாம். ஒரு நொதியை அடையாளம் கண்டு விரட்டுகிற உடம்பு இன்னொன்றைக் கொஞ்ச காலமாவது விட்டுவைக்கலாம். இருக்கலாம், விடலாம் என்றுதான் சொல்கிறேன், பார்த்துக்கொள். ஒரு கதவு மூடிக்கொண்ட பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கோவளத்தில் படகுக்காரர் ஒருவரைப் பிடித்தோம். வலை போடப் போகிற இடத்தில் அடிச்சேற்றைக் கொஞ்சம் அள்ளித் தர வேண்டும் என்று கேட்டதும் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மேடம், வஞ்சிரம் கீது, சங்கரா கீது, அத்த வுட்டுட்டு சேத்த வாங்கிகினு போறீங்க?" என்றார். கேன்சர் மருந்து தேடுகிறோம் என்று நஸ்ரீன் சொன்னாள். அவர் படகைத் தள்ளினார். திரும்பி வந்தபோது நாங்கள் கொடுத்த பாட்டில்களில் சேற்றை நிரப்பி, வெயில் படாமல் ஈரச் சாக்கில் சுற்றி, மீன் வைக்கிற ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அன்று அவரிடம் சங்கராவும் வாங்கினேன். பஸ்ஸில் மீன் வாடையும் சேற்று வாடையும் சேர்ந்து அடித்ததில் எங்களுக்கு உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

அந்தச் சேற்றிலிருந்து தட்டில் வளர்ந்தவற்றில் ஒரு கூட்டம் இருந்தது. ஆக்டினோமைசீட்ஸ் என்போம், மெதுவாக வளரும், மேலே சாக்பீஸ் தூள் தூவியது போல வெள்ளையாக இருக்கும், மூடியைத் திறந்தால் முதல் மழை விழுந்த மண் வாசனை அடிக்கும். கடலுக்கு அடியிலிருந்து வந்த ஒன்று நம் மாடம்பாக்கம் தெருவில் ஜூன் மாதம் அடிக்கிற வாசனையை அடிக்கிறது. அதை முகர்ந்துவிட்டு நஸ்ரீன் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மற்றவையெல்லாம் ஓரிரு நாளில் தட்டை நிறைக்கும்போது இவை ஆடி அசைந்து ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். நான் அவற்றுக்குப் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தேன்.

இனி இளஞ்சிவப்பின் கதை. அஸ்பராஜின் கலந்த தட்டில் ஒரு நிறப்பொருளைச் சேர்ப்போம். தட்டு மஞ்சளாக இருக்கும். அதில் வளர்கிற உயிர் நொதியைச் சுரந்து அஸ்பராஜினை உடைத்தால் அமோனியா வெளியே வரும், அதைச் சுற்றித் தட்டு ரோஸ் நிறமாகும். முதல் முறை ஒரு கூட்டத்தைச் சுற்றி அப்படி ஒரு வளையம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கிழக்குத் தாம்பரம் கடையிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்து டிபார்ட்மென்ட் முழுக்கக் கொடுத்தேன். ஆபீஸ் ரூமுக்கும் கொடுத்தேன். பிரின்சிபால் இரண்டு எடுத்துக்கொண்டார். மறுநாள் நஸ்ரீன் மெதுவாக வந்து, மேம், அஸ்பராஜின் போடாத தட்டை நாம வைக்கவே இல்லையே என்றாள். வைத்தோம். அதுவும் ரோஸாக மாறியது. அந்தப் பாக்டீரியா தட்டிலிருந்த வேறு எதையோ தின்று அமோனியா விட்டிருக்கிறது. கன்ட்ரோல் தட்டு வைக்காமல் முடிவுக்கு வராதே என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொல்கிறவள் நான். பிரின்சிபால் இன்று வரை என்னைப் பார்த்தால் மைசூர்பாகு எப்போது என்கிறார்.

நீ அப்பா ஆகப்போகிறாய், இதை மட்டும் எழுதி ஒட்டிவைத்துக்கொள். குழந்தை அழும், நீ தூக்கித் தோளில் போட்டு ஹாலில் நடப்பாய், அழுகை நிற்கும். உடனே ஊரைக் கூட்டி என் கையில்தான் தூங்குகிறது என்று பெருமை அடிக்காதே. நீ தூக்காமல் இருந்தாலும் அது நின்றிருக்குமா என்று ஒரு நாள் பார். இப்படிச் செய்ததால்தான் இப்படி நடந்தது என்று உலகத்தில் பாதிப் பேர் சொல்வது கன்ட்ரோல் தட்டு வைக்காத பேச்சு. உன் மாமியார் ஒரு காரணம் சொல்வார், நான் ஒன்று சொல்வேன், யூடியூபில் ஒருவர் வேறு சொல்வார். மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு குழந்தையைப் பார், அது சொல்லும்.

அதன் பிறகு நாங்கள் எதற்கும் கன்ட்ரோல் இல்லாமல் மூச்சுகூட விடவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் ஒரே ஒரு பெரிய இடத்துப் பிள்ளை மட்டும் அஸ்பராஜின் இருக்கிற தட்டில் ரோஸ் வளையம் போட்டது, இல்லாத தட்டில் பேசாமல் கிடந்தது. இந்த முறை இனிப்பு வாங்கவில்லை. குடுவைக்கு மாற்றினோம். செலவு மிச்சம் என்று சாதாரண உப்பைக் கரைத்து அது வளர்வதற்கான திரவத்தைத் தயாரித்தோம், அதில் கொழுகொழுவென்று வளர்ந்தது, நொதி மட்டும் ஒரு பொட்டு இல்லை. வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறவரை வேலை செய்யமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. நிஜமான கடல் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றிய பிறகுதான் சுரக்க ஆரம்பித்தது. கடல் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? உன் அப்பாவிடம் சொன்னேன்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் பேப்பரை மூன்று முறை படித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஸ்கூட்டரில் முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன். கோவளம் போய் நிரப்பிக்கொண்டு கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் சாலையைப் பிடித்து வருவார். ஒரு நாள் வழியில் போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். கேன்ல இன்னா என்று கேட்டாராம். கடல் தண்ணி சார் என்று இவர் சொல்ல, அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்க, "வொய்ஃபு பூச்சி வளக்குறாங்க சார்" என்றாராம் உன் அப்பா. போலீஸ்காரர் பரிதாபப்பட்டு அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். வேலையில் இருந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது நேற்றைய மஞ்சள் தட்டு. மருந்தாகப் பயன்படுகிற நொதிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அஸ்பராஜினை உடைக்கிற கையோடு, பக்கத்தில் இருக்கிற குளூட்டமின் என்ற இன்னொரு சத்தையும் கொஞ்சம் கடித்துவைக்கும். அது நம் உடம்புக்கு வேண்டிய பொருள். சிகிச்சையில் வருகிற தொல்லைகள் சிலவற்றுக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். எங்கள் பெரிய இடத்துப் பிள்ளையின் நொதிக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் பத்தோடு பதினொன்று. அதனால் அஸ்பராஜின் தட்டு ஒன்று, குளூட்டமின் தட்டு ஒன்று, இரண்டும் இல்லாத தட்டு ஒன்று என்று வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நேற்று திறந்தோம். அஸ்பராஜின் தட்டு ரோஸ். இரண்டும் இல்லாத தட்டு மஞ்சள். குளூட்டமின் தட்டும் மஞ்சள். நஸ்ரீன் அதை வெளிச்சத்தில் பிடித்தாள், நான் வாங்கிப் பிடித்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பிடித்தேன். திருப்பித் திருப்பிச் செய்த எல்லாத் தட்டுகளும் அதையே சொல்லின. தொட வேண்டியதைத் தொடுகிறது, தொடக்கூடாததைத் தொடவில்லை. இன்னும் நுட்பமான சோதனைகள் பாக்கி இருக்கின்றன, தட்டு சொல்வது முடிவான பேச்சு ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆடினேன்.

இது மருந்தாக ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறுவதற்கு இன்னும் எத்தனையோ பேர், எத்தனையோ வருஷம் வேலை செய்ய வேண்டும். நான் அதைப் பார்ப்பேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது செய்ய வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது, அது என் கையில் இருக்கிறது. குடுவையில் சுரப்பது போதாது, பெரிய நொதிகலனில் லிட்டர் கணக்கில் வளர்த்து, நொதியைப் பிரித்துச் சுத்தம் செய்து, புற்றுநோய் செல்களின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற ஓர் ஆய்வு நிறுவனம் தன்னுடைய கலனை எங்களுக்குத் தர ஒத்துக்கொண்டிருக்கிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை. எனக்கு ஓய்வும் மே மாதத்தோடு. அதன் பிறகு லேப் சாவி வேறொருவர் கையில், நஸ்ரீனுக்கு வேறு வழிகாட்டி. பிப்ரவரியில் நான் விமானம் ஏறினால், என்ன நடக்கும் என்பதை உனக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் நான் வருவதாகத்தான் இருந்தேன் தம்பி. அதை நீ நம்ப வேண்டும். சூட்கேஸ் வாங்கியாகிவிட்டது. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஷீபாவுக்கு பூண்டு லேகியம் எல்லாம் பட்டியல் போட்டுவைத்திருந்தேன். பேரனோ பேத்தியோ, முதல் பிள்ளை, அதை மடியில் போட்டுக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமலா? கலன் கிடைத்த செய்தியை நஸ்ரீன் போனில் சொன்னபோது நான் சமையலறையில் மிளகு வறுத்துக்கொண்டிருந்தேன். சரிம்மா, நீ பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மிளகு கருகிவிட்டது. உன் அப்பா வந்து அடுப்பை அணைத்தார். என்ன என்று கேட்டார், சொன்னேன். கருகிய மிளகைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து, "நீ இரு. நான் போறேன்," என்றார்.

நீங்கள் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நீ போய் என்ன பண்ணுவியோ அதத்தான்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு ரசம் கொதிக்கிறதா பொங்குகிறதா என்று தெரியாது. பத்திய சமையல் என்றால் என்ன என்று தெரியாது. அவர் என் சிரிப்பைப் பொருட்படுத்தவே இல்லை. மறுநாளிலிருந்து அடுப்படி அவருடையது. முதல் நாள் ரசம் பள்ளிக்கரணை ஏரித் தண்ணீர் போல இருந்தது, நான் வாய் திறக்காமல் குடித்தேன். இப்போது நன்றாகவே வைக்கிறார். பூண்டுக் குழம்பில் என்னை மிஞ்சிவிட்டார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அதுதான் உண்மை.

ஷீபாவிடம் இதைப் பேசினேன். அவளுக்குக் கூச்சமாக இருக்குமானால் இந்தப் பேச்சே வேண்டாம், நான் வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னேன். மாமா வரட்டும் அத்தை, பால் கொடுக்கிற ரூமுக்குக் கதவு இருக்கிறதே என்றாள். பிறகு நொதியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். உனக்குப் போட்ட ஊசியும் இதுவும் ஒரே வகைதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படியானால் நீங்கள் வரவே கூடாது என்றாள். அவள் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "பச்சப் புள்ளைய ஆம்பள கையில குடுக்கறதா சம்பந்தி? தலைக்கு ஊத்தத் தெரியுமா அவருக்கு? காலை நீட்டி உக்காரவாவது தெரியுமா?" என்று போனில் கேட்டார். உண்மையிலேயே அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் பயம் இருந்தது. ரசம் கெட்டால் கொட்டிவிடலாம். எண்ணெய் தடவிய குழந்தை வழுக்கினால்?

அதை நான் அவரிடம் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். நேற்று மஞ்சள் தட்டின் சந்தோஷத்தோடு, மழையில் நனைந்துகொண்டே வீடு வந்தேன். அவரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பாத்ரூமில் தண்ணீர் சத்தம் கேட்டது, கதவு திறந்திருந்தது. போய்ப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார் உன் அப்பா. இரண்டு கால்களையும் நேராக நீட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார். கால்களின் மேல் துவரம்பருப்புப் பை. நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டு, துண்டில் சுற்றி, தலைப்பக்கம் முட்டிக்கும் கால்பக்கம் பாதத்துக்குமாக, பிறந்த குழந்தையைக் குப்புறப் போடுவது போலவே போட்டிருக்கிறார். பக்கத்தில் வெந்நீர் வாளி. தண்ணீர் வேகமாக விழாமல் சொம்பைத் தாழ்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார். யாரும் சொல்லிக் கொடுத்த மாதிரி இல்லை. அந்தக் கால்களுக்கு அந்த வேலை ஏற்கெனவே பழகியிருந்தது.

உனக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது நான் அப்போதுதான் காலேஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், லீவு போட முடியாது. அவர்தான் நீண்ட லீவில் உன்னோடு இருந்தார். நான் சாயங்காலம் வந்து பார்க்கும்போது நீ குளித்து, பவுடர் பூசி, சுத்தமான சட்டையோடு தூங்கிக்கொண்டிருப்பாய். தொடை வீங்கி நிற்கக்கூட முடியாத ஐந்து வயதுப் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டினீர்கள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நேற்று பாத்ரூம் வாசலில் நின்றபோதுதான் புரிந்தது. ஐந்து வயதுப் பிள்ளையை அவர் கைக்குழந்தை போலக் கால் மேல் போட்டுத்தான் குளிப்பாட்டியிருக்கிறார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வலது கையில் சொம்பு. இடது கையால் பையின் ஒரு பக்கத்தைப் பொத்திப் பிடித்திருந்தார். தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்தது, அந்த இடத்தில் மட்டும் படவில்லை. வழுக்காமல் இருக்கத்தான் பிடித்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன், ஆனால் பிடி அப்படி இல்லை. அங்கே எதற்குக் கையை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். கை அங்கே இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஊசி போட்ட எடம்," என்றார். "தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல."

மஞ்சள் தட்டைப் பற்றிச் சொல்ல ஓடி வந்தவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், பிறகு அழுதுகொண்டே தட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் பருப்புப் பையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

ஷீபாவின் அம்மாவுக்கு இன்று காலையிலேயே போன் செய்து, அவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல ஒன்றுதான் பாக்கி. குழந்தையை அவர் கால் மேல் போட்டுக் குளிப்பாட்டும்போது நீ பக்கத்தில் நின்று துண்டைப் பிடித்துக்கொள். அதன் தொடையில் ஊசிக் காயம் எதுவும் இருக்காது, அது அவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் இடது கை தானாக அங்கே போகும். போனால் போகட்டும், ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா